கிதாபுப் பெட்டியும் ஓதுற பள்ளியும்

தமிழில் நமக்குத் தெரியவந்த மிகப் பழைய முஸ்லிம் இலக்கியம் பல்சந்தமாலை. முழு நூல் இன்று இல்லை. எட்டுப் பாடல்கள் மட்டும் கிடைத்திருக்கின்றன. அவையும் எந்தப் பள்ளிவாசல் அலமாரியிலிருந்தும் எந்த வீட்டுப் பரணிலிருந்தும் வந்தவை அல்ல. களவியற்காரிகை என்ற அகப்பொருள் இலக்கணத்துக்கு உரை எழுதியவர், மாணவருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று அந்தப் பாடல்களைத் தம் உரைக்குள் எடுத்து வைத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை அந்த இலக்கணத்தைத் தேடிப் பதிப்பித்தபோது பாடல்களும் கூடவே வெளியே வந்தன. பாடம் சொல்ல உதவிய எட்டும் பிழைத்தன. மற்றவை போன இடம் தெரியவில்லை.

இஸ்லாமிய மரபுச் செல்வங்களைக் காக்க வேண்டும் என்று பேச்செடுத்தால் கட்டடம், அருங்காட்சியகம், ஸ்கேனர், நிதி என்றுதான் பேச்சு ஓடுகிறது. அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் தமிழ் முஸ்லிம்களின் நூல் மரபில் எது நின்றது, எது அழிந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஊரார் கூடி ஓதியதும் பாடியதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும்தான் நிலைத்திருப்பது புலப்படும். பூட்டி வைத்த பெட்டியைக் காலம் விட்டு வைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த அனுபவத்தை, குறிப்பாக அரபுத்தமிழ் நூல்களின் கதையை, முன்வைத்து எழுதப்படுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதல் இலங்கையின் பேருவளை, காத்தான்குடி வரை ஒரே கடலின் இரு கரையிலும் பரவிக் கிடக்கும் மரபு இது. இருப்பதிலேயே அதிக ஆபத்தில் இருப்பதும் இதுதான்.

எழுத்தே ஒரு பள்ளிக்கூடம்

அரபுத்தமிழ் என்பது தமிழ்தான். எழுதிய எழுத்து அரபி. தமிழுக்கே உரிய ங, ட, ண, ப, ள, ழ போன்ற ஒலிகள் அரபியில் இல்லாததால், இருக்கிற அரபி எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகள் ஆக்கிக்கொண்டார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறிகள் கண்டார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒருவர் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளைப் பழகிக்கொண்டால் போதும். தம் தாய்மொழியில் எழுதிய நூலைத் தாமே படித்துவிடலாம். இதை அர்வி என்ற தனி மொழியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்வது புரிகிறது; ஆனாலும் அந்தப் பேச்சு, பொதுத் தமிழ் வாசகர் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிட வழி செய்கிறது என்பது என் கருத்து. இது தமிழ் இலக்கியத்தின் ஒரு பகுதி.

ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அரபிச் சொற்களின் உச்சரிப்பு பிசகக் கூடாது என்ற கவலை ஒன்று. கல்வி வசதி இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரை முஸ்லிம் பெண்களுக்குத் திண்ணைப் பள்ளியோ அரசுப் பள்ளியோ எட்டவில்லை. ஆனால் குர்ஆன் ஓதப் பழகாத பெண் பிள்ளை அரிது. தெருவுக்குத் தெரு ஓதுற பள்ளி இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஓதிக்கொடுக்கும் மூத்த பெண்கள் இருந்தார்கள். தமிழ் நெடுங்கணக்கு அறியாத ஒரு பெண், தமிழில் எழுதிய சட்ட நூலையும் நபி வரலாற்றையும் மாலைப் பாடலையும் படிக்க முடிந்தது இந்த எழுத்தால்தான். அரசு ஆவணம் அவளை எழுத்தறியாதவள் என்றே எழுதியிருக்கும். அவள் மடியில் கிதாபு விரிந்திருந்தது.

அப்படி ஒரு கிதாபின் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலானவை கல்லச்சில் வந்தவை. எழுத்தாளர் கையால் எழுதியதே கல்லில் படிந்து அச்சாவதால், அச்சுப் புத்தகமும் கையெழுத்துப் பிரதி போலவே இருக்கும். சுற்றிலும் கட்டம் போட்டு, உள்ளே வலமிருந்து இடமாக வரிகள் நெருங்கி ஓடும். தொடக்க நிலைச் சட்ட நூலாக இருந்தால் கேள்வியும் பதிலுமாகவே போகும். உளூவின் (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தியின்) ஃபர்ளுகள், அதாவது கட்டாயக் கடமைகள், எத்தனை என்று கேள்வி வரும். ஆறு என்று பதில் வரும். பிறகு ஒவ்வொன்றாக விளக்கம்: நிய்யத்து, முகம் கழுவுதல், முழங்கை வரை கை கழுவுதல் என்று வரிசை செல்லும். கரையோர ஊர்கள் ஷாஃபிஈ சட்ட வழி நிற்பவை ஆதலால் ஆறு. ஹனஃபி வழி நிற்கும் உள்நாட்டுப் பிள்ளை நான்கு என்று படித்திருக்கும். ‘கழுவுகிறது’, ‘தடவுகிறது’ என்று வினைச்சொற்கள் எல்லாம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கும். பக்க ஓரத்தில் சில வேளை இன்னொரு சிறு நூலே சாய்வாக எழுதப்பட்டிருக்கும். காகிதம் விலை கூடிய காலம். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லாத வீட்டிலும் தானே நின்று பாடம் நடத்தும்படி அமைத்த புத்தகம் இது.

இந்த வகை நூல்களைச் செய்தவர்களில் தலைசிறந்தவர் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898). மாப்பிள்ளை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் மக்கள் அழைத்தார்கள். கீழக்கரைத் தைக்கா சாகிபு அவர்களின் மருமகன். கீழக்கரையில் அரூஸிய்யா மதரசாவை நடத்தியவர். இலங்கைக்குப் பலமுறை போய்வந்து அங்கே பள்ளிவாசல்களும் ஓதும் இடங்களும் எழக் காரணமானவர். இவருடைய மகானியும் ஃபத்ஹுத் தய்யானும் பல தலைமுறைகளுக்கு வீட்டுச் சட்ட நூல்களாக இருந்தன. தொழுகை, நோன்பு, ஜகாத்து மட்டுமின்றிக் கொடுக்கல் வாங்கல், திருமணம், மரணச் சடங்கு எல்லாம் அவற்றில் உண்டு. ஃபத்ஹுத் தய்யான் 1963இல் கொழும்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. மூலத்தை அதன் சொந்த எழுத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.

பெண்கள் படித்ததோடு நிற்கவில்லை, எழுதவும் செய்தார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மாவும் இளையான்குடி கச்சிப் பிள்ளையம்மாளும் பாடிய ஞானப் பாடல்கள் நம்மிடம் உள்ளன. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். ஆசியா உம்மா காலத்துக் கிதாபு வாசிப்புக்கும் ஜுனைதா பேகத்தின் நாவலுக்கும் நடுவே என்ன நடந்தது, எந்தப் பெண்கள் எதைப் படித்து அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது முழு ஆய்வுக்கு உரிய பொருள். அதற்கான சான்றுகள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன.

எப்படிப் போயிற்று

முதல் காரணம் நல்ல காரணம்: பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் தமிழ் எழுத்துப் படித்தார்கள். தமிழ் எழுத்தில் இஸ்லாமிய நூல்களும் வந்தன. பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ இதழ் 1920களிலிருந்து மார்க்கத்தை எளிய தமிழில் பேசியது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி குர்ஆனைத் தமிழில் தந்தார். இவையெல்லாம் பெரும் சாதனைகள். அரபுத்தமிழுக்குப் போட்டியாக அமைந்தது அவற்றின் குற்றம் அல்ல. எழுத்து மாறும்போது பழைய எழுத்திலிருந்ததைப் புதியதற்குப் பெயர்த்து எழுதும் வேலை நடந்திருக்க வேண்டும். கொஞ்சம்தான் நடந்தது. மற்றவை பெட்டிக்குள் போயின.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல மனம் கனக்கிறது. அரபி எழுத்து என்பதால் அந்தப் பக்கங்களின் மேல் மக்களுக்கு அளவற்ற மரியாதை. கிழிந்த தாளைக் காலில் மிதிபட விடமாட்டார்கள், பழைய பேப்பர்காரருக்குப் போட மாட்டார்கள். நைந்துபோன குர்ஆன் பிரதிகளை எப்படி ஒழுங்காக மண்ணில் அடக்குவார்களோ, நீரில் விடுவார்களோ, அப்படியே அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் சாக்கில் கட்டி அடக்கினார்கள். கடலிலும் கிணற்றிலும் விட்டார்கள். திருமறை அச்சுப் பிரதி ஒன்று போனால் ஆயிரம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஓர் ஊர்ப் புலவர் செய்த மாலைக்கு அது ஒன்றே பிரதியாக இருந்திருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்ல வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனதால் எல்லாம் ஒரே சாக்கில் போயிற்று. மரியாதைக் குறைவால் அழிந்ததைவிட மரியாதையால் அழிந்தது அதிகம் என்றே எண்ணத் தோன்றுகிறது.

மூன்றாவது, கொள்கை வேறுபாடு. 1980களுக்குப் பிறகு வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கங்கள் மவ்லிது, ராத்திபு போன்ற கூட்டு ஓதல்கள், மாலைப் பாடல்கள் பலவற்றை மார்க்கத்துக்கு ஒவ்வாதவை என்றன. அது அவர்களின் உறுதியான நம்பிக்கை. அதைப் பற்றி வாதிடுவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் ஓதுவதை நிறுத்துவது வேறு, நூலையே வீட்டைவிட்டு அகற்றுவது வேறு. தம் முன்னோர் என்ன நம்பினார்கள், எப்படிப் பாடினார்கள் என்பதை அறிய, ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் அந்த நூல் வேண்டும். மறுப்பு எழுதுவதற்குக்கூட மூலம் கையில் இருக்க வேண்டுமே. இரு தரப்பு ஆலிம்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட முடியும் என்று நம்புகிறேன்.

இலங்கையில் இவற்றோடு அரசியலும் போரும் சேர்ந்துகொண்டன. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். உடுத்த துணியோடு போனவர்கள் கிதாபுப் பெட்டியைத் தூக்கிச் செல்ல முடியுமா? 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அரபி எழுத்துள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கவே அஞ்சிய குடும்பங்கள் இருந்தன. சோதனைக்கு வருபவருக்கு அந்த எழுத்தில் இருப்பது தமிழ் என்றும், அது ஒரு தாலாட்டு அல்லது தொழுகைப் பாடம் என்றும் எப்படி விளங்கவைப்பது?

மலைக்கு அந்தப் பக்கம்

இதே நிலை எல்லா இடத்திலும் இல்லை என்பதற்குக் கேரளம் சான்று. அங்கே அரபி எழுத்தில் மலையாளம் எழுதும் வழக்கு உண்டு. அரபி மலையாளம் என்பார்கள். கோழிக்கோடு காழி முஹம்மது 1607இல் இயற்றிய முஹ்யித்தீன் மாலை அதன் மிகப் பழைய நூல்களில் ஒன்று. இன்றும் வீடுகளில் பாடப்படுகிறது. மொழி வரலாற்றில் இரண்டும் ஒரே போக்கின் இரு கிளைகள். ஆனால் மலப்புறத்து மதரசாவில் படிக்கும் சிறுவனுக்கு அரபி மலையாளம் வாசிக்க வருகிறது. தமிழகத்துப் பையனுக்கு அரபுத்தமிழ் வரவில்லை.

காரணம் மிக எளிது. 1951இல் தொடங்கிய சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச போர்டு, தன் தொடக்க வகுப்புப் பாடநூல்களை அரபி மலையாளத்திலேயே அச்சிட்டது. இன்று அந்த வாரியத்தின் கீழ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரசாக்கள் இயங்குகின்றன. பிள்ளை தொழுகையைப் பற்றிப் படிக்கும்போதே எழுத்தும் கூடவே வந்துவிடுகிறது. மரபைக் காப்பாற்றுகிறோம் என்று யாரும் அங்கே தனியாக விழா எடுக்க வேண்டியிருக்கவில்லை; பாடத்திட்டத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். கேரளத்திலும் எல்லா இயக்கத்தாரும் இதை ஏற்கவில்லை. மலையாள எழுத்தே போதும் என்பாரும் உண்டு. இருந்தும் படிக்கத் தெரிந்த புதிய தலைமுறை ஒன்று ஆண்டுதோறும் வெளியே வருகிறது. கொண்டோட்டியில் மோயின்குட்டி வைத்தியர் பெயரால் அமைந்த மாப்பிளைக் கலை அகாடமி நூல்களையும் பாடல்களையும் தொகுக்கிறது என்றால், அதற்குக் கேட்பாரும் படிப்பாரும் ஊரில் இருக்கிறார்கள்.

இன்னொரு புறம் மாலி நாட்டின் திம்புக்து. குடும்பங்கள் நூற்றாண்டுகளாகப் பெட்டிகளில் காத்துவந்த சுவடிகளை, 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது அப்துல் காதர் ஹைதாரா என்ற நூலகரும் அவருடன் சேர்ந்தவர்களும் இரும்புப் பெட்டிகளில் அடைத்து இரவோடிரவாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்றார்கள். காப்பாற்றப்பட்டவை ஏறத்தாழ 3,50,000 என்று கணக்கிடப்படுகிறது. வீரமிக்க கதை. அதன் பிறகு அவற்றில் பெரும்பகுதி படம்பிடிக்கப்பட்டும் வருகிறது. ஆனால் அந்த மலையளவு ஏடுகளைப் படித்து இன்னது இதில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய அறிஞர்கள் மிகச் சிலரே என்பதுதான் இப்போது அங்கே பெரிய நெருக்கடி. உலகமே திரும்பிப் பார்த்த ஒரு மீட்புக்கே இந்த நிலை என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத கீழக்கரைப் பெட்டிக்கு என்ன சொல்வது!

இதுவரை நடந்த பணிகள்

ஆராய்ச்சித் துறையில் குறைவில்லாத உழைப்பு நடந்திருக்கிறது. இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் 1950களிலேயே தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையில் அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1973இல் திருச்சியில் நடந்த முதல் உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு மறந்துபோன நூல்கள் பலவற்றை மறுபதிப்புக்குக் கொண்டுவரும் உந்துதலைத் தந்தது. தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல், சரந்தீபிலும் (இலங்கையிலும்) தமிழகத்திலும் அரபி, அரபுத்தமிழ், பாரசீக நூல்களின் வரலாற்றை ஓரிடத்தில் தொகுத்தது. 1572இல் மதுரையில் அரங்கேறிய ‘ஆயிர மசலா’ என்ற இஸ்லாமியத் தமிழ் நூலை ஜாவானிய, மலாய் வடிவங்களோடு ஒப்பிட்டு ரோனித் ரிச்சி செய்த ஆய்வு, அந்த நூலை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவிய ஒரு பெரிய வாசிப்பு வலையின் தமிழ்க் கண்ணியாகக் காட்டிற்று.

படமாக்கும் பணியும் நடக்கிறது. இலங்கையில் 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து வெளியீடுகளைத் திரட்டி வருகிறது. முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் நிறைய உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடினால் பல கிடைக்கின்றன. எல்லாம் நன்று. ஆனால் இந்த ஆய்வுகளில் பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது. படங்கள் திரையில் இருக்கின்றன. நூல் பிறந்த தெருவில் இருப்பவருக்கு இரண்டும் எட்டவில்லை. கணினியில் தமிழ் எழுத்து நூலைத் தேடுவதுபோல் கல்லச்சு அரபுத்தமிழுக்குள் ஒரு சொல்லைத் தேடிவிட முடியாது. யாராவது உட்கார்ந்து படித்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்தாக வேண்டும். அந்த ‘யாராவது’ எங்கிருந்து வருவார் என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

கூடி ஓதும் இடங்கள்

விடை ஓரளவு நம் ஊர்களிலேயே இருக்கிறது. தக்கலையில் ஞானி பீர்முஹம்மது அப்பாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் இரவு முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சியைப் பாடுகிறார்கள். பாடுபவர்கள் பேராசிரியர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். தந்தை பாடக் கேட்டு மகன் கற்கிறான். ஆழ்ந்த தத்துவச் சொற்கள் நிறைந்த ஒரு தமிழ் நூலை, பொருள் முழுதும் விளங்கினாலும் விளங்காவிட்டாலும், மனத்தில் வைத்திருக்கும் ஊர் தமிழகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது என்பதே பெரிய செய்தி. பதிப்பாசிரியர் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால் பாடபேதமே கிடைக்கும்.

காயல்பட்டினத்தில் ரஜபு மாதம் முழுதும் மஜ்லிஸுல் புகாரிஷ் ஷரீஃப் கூடுகிறது. ஸஹீஹுல் புகாரி நபிமொழித் தொகுப்பை நாள்தோறும் ஓதித் தமிழில் விளக்கம் சொல்கிறார்கள். அரபியில் உள்ள ஒரு பெருநூலை ஊர் முழுவதற்கும் கேட்கக் கொடுக்கும் ஏற்பாடு இது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் காயலர்கள் அந்த மாதத்தில் ஊர் திரும்பப் பார்ப்பார்கள். அதே ஊரில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. பெண்கள் தாமே கூடி, தாமே ஓதி, தாமே நிர்வகிக்கும் இடங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்த பெண்களை அப்படிப்பட்ட சபைகளில்தான் தேட வேண்டும்.

கடல் கடந்தும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் 1828–1830 வாக்கில் தமிழகக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழுதுபார்த்த பின் 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகூரில் இருக்கும் மூலத் தர்காவின் உயரமான மனோரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் கொடை. சிங்கப்பூர்ப் பிள்ளை ஒன்று இந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்துப் படித்தால், கப்பலேறிய வணிகர், அவர்களை வழியனுப்பிய நம்பிக்கை, மதம் பார்க்காத மன்னர் கொடை எல்லாம் ஒரே பாடத்தில் வந்துவிடும்.

மரபும் புதுக் கல்வியும் பகையல்ல என்பதற்குக் கண்டி எம்.சி. சித்திலெப்பையின் வாழ்க்கை (1838–1898) போதும். வழக்கறிஞர், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார், 1885இல் தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றான ‘அசன்பே சரித்திர’த்தை எழுதினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் ஊக்கத்தோடு 1884இல் அவர் கொழும்பில் தொடங்கிய மதரசாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தானது. மார்க்கப் படிப்பையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம் என்று நூற்றுநாற்பது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் அவர்.

இனிச் செய்யக்கூடியது

தமிழகத்தின் எந்த ஊர் மக்தபிலும், அதாவது ஓதுற பள்ளியிலும், மாலை வேளையில் பிள்ளைகள் வந்து ஓதுகிறார்கள். குர்ஆன் முடித்த பிள்ளைக்கு 28 எழுத்துகள் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு கோடை விடுமுறைக்குள் அரபுத்தமிழ் வாசிக்க வந்துவிடும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு மெல்லிய வாசகப் புத்தகம்: இடப்பக்கம் அரபுத்தமிழ், வலப்பக்கம் அதே வரிகள் தமிழ் எழுத்தில். சண்டைக்கு இடமில்லாத பகுதிகளையே தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம்: உளூப் பாடம், பெற்றோரை மதிக்கும் பகுதி, அளவை நிறுவை பற்றிய சட்டம், ஒரு தாலாட்டு. எந்த ஜமாஅத்தும் மறுக்க முடியாத பாடங்கள் இவை.

கற்பிக்க மூத்த பெண்களை அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த எழுத்தைக் கடைசியாக வாசித்த தலைமுறை பெரும்பாலும் அவர்கள்தான். உம்மம்மாவின் பக்கத்தில் பேத்தியை உட்காரவைத்து, ஒரு கைபேசியில் குரலைப் பதிந்துகொண்டே ஒரு கிதாபைப் படிக்கச் சொன்னால் வாசிப்பு, உச்சரிப்பு, ராகம், விளக்கம் எல்லாம் ஒருங்கே பதிவாகும். எந்த ஸ்கேனரும் ராகத்தைத் தராது. அவர்களுக்கு உரிய மதிப்பூதியமும் தர வேண்டும். ஓதிக்கொடுப்பவர்களைக் கைகட்டி நிற்கவைத்த பழக்கம் போகட்டும்.

கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி. இவற்றின் தமிழ்த் துறையும் அரபித் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். ஒரு துறைக்கு எழுத்து தெரியும், மற்றதற்கு யாப்பும் சொல்லும் தெரியும். இளங்கலை மாணவி ஒருத்தி தன் வீட்டு நூலின் பத்துப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்ப்பதைப் பருவத் திட்டப்பணியாக ஏற்றுக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் பல நூறு பக்கம் மீண்டு வரும். மூல நூலை வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டாம். படமெடுத்துத் திருப்பித் தருவதே நல்லது. எடுத்துச் சென்ற நூல் திரும்பி வராத கசப்பு பல குடும்பங்களில் இருக்கிறது, அந்தக் கசப்பு அடுத்த கதவையும் மூடிவிடும்.

பாடம் நடத்துபவர் வரலாற்று ஒழுங்கோடு நடத்த வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கடற்கரை ஊரும் தன் பள்ளிவாசலே முதல் பள்ளிவாசல் என்கிறது. கல்வெட்டும் கட்டடக் கலையும் சொல்வது எது, செவிவழி வந்தது எது என்று பிள்ளைக்குப் பிரித்துக் காட்டலாம். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில் நிற்கும் கல்தூண்களைப் பாண்டி நாட்டுக் கோயில் மண்டபத் தூண்களோடு ஒப்பிட்டுக் காட்டினாலே போதும், பெருமை தானாக வரும், மிகைப்படுத்த வேண்டியதில்லை.

இந்த வகுப்புகளின் கதவு முஸ்லிம் அல்லாத தமிழருக்கும் திறந்திருக்க வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றியபோதும், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை செய்தபோதும் அவர்கள் மனத்தில் இருந்த வாசகர் ஒரு சமூகத்தார் மட்டும் அல்லர். பள்ளிப் பாடநூலில் ஒரு செய்யுள் பகுதியோடு உமறுப்புலவரை முடித்துக்கொள்ளும் தமிழ் மாணவருக்கு, மகானியின் பேச்சுத் தமிழும் தக்கலையின் இரவுப் பாடலும் புதுக் கதவுகள். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வரலாற்றை இந்த நூல்கள் இல்லாமல் எழுதுவது அரைகுறை வேலை.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். பழைய கிதாபுகளின் முதல் பக்கத்திலேயே இந்நூல் வக்ஃபு என்று எழுதிவைப்பது வழக்கம். இன்னார் நன்மைக்காக இது ஓதுவோர்க்கு உரியது, விற்கக் கூடாது என்று பொருள். புத்தகத்தை வக்ஃபு செய்ததுபோல் வாசிப்பையும் வக்ஃபு செய்யலாம். ஒரு கடையின் வாடகையை ஓர் ஆசிரியையின் ஊதியத்துக்கென ஜமாஅத் எழுதிவைத்தால் அந்த ஊரில் வகுப்பு நிற்காது. பள்ளிவாசலுக்குப் பளிங்குக் கல் பதிக்கத் தாராளமாக அள்ளிக் கொடுப்பவர்கள் நம்மிடம் உண்டு. அவர்களிடம் அடுத்த ரமழானுக்கு முன் இந்த ஒரு கோரிக்கையோடு போய் நிற்கலாம்: ஊருக்கு ஒரு வாசகப் புத்தகம் அச்சிடவும், ஓர் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் தரவும்.